வெட்டுக்கிளிக்கு விட்ட இடம்

போன சனிக்கிழமை பாடாங் செராய் கண்ணாடிக்கடையில் ஒரு வெட்டுக்கிளிக்காகச் சண்டை போட்டேன். சிரிக்காதீர்கள்... முழுதாகக் கேளுங்கள்.

சுங்கை பட்டாணியில் போட்டோ பிடிக்கும் ஜப்பான்காரர் கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போகிறார். எங்கள் குடும்பப் படத்தை வாங்கப் போன என்னிடம் ஒரு கட்டுப் படங்களைப் பிரித்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் மரப்பலகையில் செதுக்கி, வண்ணத்துக்கு ஒரு பலகையாக அச்சடித்தவை. தவளை, பூனை, தும்பி, மீசை வைத்த கெண்டை மீன். நான் எடுத்தது வெட்டுக்கிளியை. நீண்ட தாள். கீழ் மூலையில் ஒரு சுரை இலை, அதன்மேல் விரல்கடை அளவில் அது. மேலே? ஒன்றுமே இல்லை.

கண்ணாடிக்கடை அண்ணன் சாமி படங்களுக்கு மட்டுமே சட்டம் போட்டுப் பழகியவர். ஊரிலிருந்து வரும் சாமி படங்கள் எல்லாம் ஒரே அளவு. சட்டங்களும் அதே அளவில் அறுத்து அடுக்கியிருக்கும். என் தாள் ஒரு சாண் அதிகம். பிளேடை எடுத்துவிட்டார்.

"கிராணியம்மா, மேல இருக்கிறது வெறும் பேப்பருலா. வெட்டிட்டா பூச்சி நல்லாத் தெரியும்."

"வெட்டவேண்டாம் அண்ணை. அப்பிடியே போடுங்கோ."

யோசித்தார். "இம்புட்டு எடம் சும்மா கெடக்குதே... ஒரு முருகன ஒட்டிரவா? சரிகை வச்சு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தாளின்மேல் கையை விரித்து வைத்தேன்.

"கைய எடுங்கம்மா, பிளேடு பட்டுரும்."

"படட்டும்."

ஏன் இந்தப் பிடிவாதம்? என் கணவர் பாடாங் மேஹா பக்கம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. எங்கள் வாசலிலிருந்து எந்தப் பக்கம் பார்த்தாலும் ரப்பர் மரம் – அடி அளந்து, வரிசை பிடித்து நட்டது. ஆள்களுக்கும் அப்படித்தான். விடியுமுன் ஆள் எண்ணும் பெரட்டில் நின்று பெயர் கொடுக்க வேண்டும். பிறகு பட்டை வெட்டு, ரப்பர் பால், நிறுவை. ஒரு மரம் விழுந்தால் மறுவாரமே அங்கே கன்று. நான் கப்பலேறி வந்த நாளிலிருந்து, சும்மா விட்ட இடம் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் ஒரு பூச்சிக்கு இத்தனை இடம் விட்டிருக்கிறார்... அதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அதைப் போய் வெட்டக் கொடுப்பேனா?

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பஸ் போயிற்று, போகட்டும். கடைசியில் அவர்தான் இறங்கி வந்து, புதுச் சட்டம் அறுத்தார். சுவரில் சாய்த்துக் கண்ணாடியைத் துடைத்தவர், துணியும் கையுமாக அப்படியே நின்றார். மேலே இருந்த வெறும் தாளையே பார்த்தார்.

"கிராணியம்மா, ஒரு வாரம் இங்க மாட்டி வச்சுக்கிறேனே. சும்மா பாத்துக்கிட்டு இருக்கலாம்லா."

"ஏலாது அண்ணை. வேணுமெண்டால் வீட்டுக்கு வந்து பாருங்கோ."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ் ஏறிவிட்டேன் – எதை வேண்டுமானாலும் இரவல் கொடுப்பேன், அந்த வெற்றிடத்தை மட்டும் மாட்டேன்.