அரைமில்லி உடைத்த மாத்திரை

என் அப்பா, படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் முப்பத்தொரு வருடம் கண்ணாடி வெட்டினார். இந்த வாக்கியத்தை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "கண்ணாடிய எவன் வெட்டினான்? கோடுதான் போடுறோம். மீதிய அது பார்த்துக்கும்" என்பார்.

கம்பளி விரித்த மேசையில் கண்ணாடித் தகடு இருக்கும். முனையில் குட்டிச் சக்கரம் பொருத்திய பேனா போன்ற ஒரு கருவி. அதை மண்ணெண்ணெயில் தொட்டு, மரக்கோலை ஒட்டி ஒரே இழுப்பு. அதே கோட்டில் இரண்டாம் முறை இழுத்தால் கண்ணாடி கண்டபடி விரியும். பிறகு கோட்டுக்கு நேர் அடியில் மெல்லிய குச்சி ஒன்றைக் கொடுத்து, இரண்டு பக்கமும் கட்டைவிரல்களை வைப்பார். 'டிக்' என்று ஒரு சத்தம். தகடு இரண்டாகியிருக்கும்.

சட்டத்தின் உள்ளளவைவிட அரை மில்லிமீட்டர் குறைத்துத்தான் கண்ணாடி எடுப்பார். மழைக்காலத்தில் மரம் ஊதினாலும் கண்ணாடி விரிசல் விடாது. முதலாளி அவருக்கு 'அரைமில்லி' என்று பெயர் வைத்தார். அது நிலைத்துவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் "அரைமில்லி இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். கல்யாண வீட்டில் எல்லோரும் மணமக்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்ப்பார். நான் பொறியியல் பட்டம் வாங்கிய அன்று, அரங்கத்தின் ஜன்னல்களைச் சுட்டி, "வடக்குப் பக்கம் மூணாவது, இன்னும் ஒரு வருஷம் தாங்காது" என்றார். வாழ்த்து வீட்டுக்கு வந்த பிறகுதான் கிடைத்தது.

முன்கோபக்காரர். நேரத்துக்குச் சாப்பிடமாட்டார். கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்லமாட்டார். அம்மாவின் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தபின் இவற்றில் சாப்பாட்டு நேரம் மட்டும் மாறியது. மற்ற இரண்டும் அப்படியே இருந்தன.

வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரை ஆயுள் முழுவதும் உண்டு. குறைந்தால் ரத்தம் கட்டிக்கொண்டு மூளைக்குப் போகலாம். கூடினால் உள்ளே கசியும். மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்வார்கள். எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்கவேண்டும். அம்மாவுக்கு நாளைக்கு ஒன்றரை மாத்திரை, மாலை ஆறு மணிக்கு.

ஒன்றில் பிரச்சினை இல்லை. அந்த அரையில்தான் இருந்தது.

மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி தந்தார்கள். மூடியில் பிளேடு இருந்தது. மூடினால் மாத்திரை இரண்டாகும் என்றார்கள். இரண்டாகவும் ஆனது, மூன்றாகவும் ஆனது, சில நாள் மாவாகவும் ஆனது. மாவானால் அம்மா இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்து விழுங்கிவிடுவார். ஒரு மாதம் எண் 1.9 வந்தது. அடுத்த மாதம் 4.8. பல் ஈறில் ரத்தம் கசிந்தது.

மூன்றாவது மாதம், ஒட்டிக்கொண்ட துண்டை எடுக்க அம்மா பெட்டிக்குள் விரலை விட்டார். சின்னக் கீறல்தான். நம் யாருக்காவது என்றால் வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு மறந்துவிடுவோம். அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரம் நிற்கவில்லை. இரண்டு துவாலைகள் நனைந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். திரும்பி வந்ததும் அப்பா அந்தப் பெட்டியைத் தெருக் குப்பைத் தொட்டிவரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

நான் வேறு ஊரில் இருந்தேன். பாட்டில் மூடிகளுக்கு அச்சு வடிவமைப்பது என் தொழில். செய்தி கேட்டதும் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒரு கருவி வரைந்தேன். பிளேடு வெளியே தெரியாது, விரல் உள்ளே போகாது. அச்சடித்து எடுத்துக்கொண்டு, மில்லிகிராம் காட்டும் தராசையும் இரவல் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன். மாத்திரையின் எடை 112. பாதி 56 வரவேண்டும். வந்தது 63, 44. மீதி பொடி.

அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "நீ வெட்டுறம்மா."

"வெட்டாம?"

"நடுவுல கோடு போட்டுத்தானே குடுத்திருக்கான். கோடு போட்டதை எதுக்கு வெட்டுற?"

எனக்குக் கோபம் வந்தது. "அந்தக் கோடு ஆழமே இல்லப்பா."

"அவ்வளவுதானே" என்று கடைக்குப் போய்த் தன் சக்கரக் கருவியை எடுத்துவந்தார். மாத்திரையை விளக்கு வெளிச்சத்தில் வைத்து, கோட்டின் மேலேயே ஒரு இழுப்பு. அழகாக ஆழமானது. குடை மராமத்துக்காரரிடம் வாங்கி வைத்திருந்த கம்பித் துண்டைக் கோட்டுக்கு அடியில் கொடுத்து, இரண்டு கட்டைவிரலாலும் தொட்டார். டிக். 56, 55.

அம்மா அரையை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். முகர்ந்தார். "என்னங்க, இதை முழுங்கணுமா, இல்ல திரி போட்டு ஏத்தணுமா?"

இத்தனை வருடப் பழக்கம். சக்கரத்தை மண்ணெண்ணெயில் தொடாமல் அவர் கை ஓடாது. அன்று நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

அடுத்த மாத்திரைக்குச் சக்கரம் வேண்டாம் என்று விட்டார். கம்பி, கட்டைவிரல்கள், அவ்வளவுதான். 55, 56. பத்து மாத்திரை உடைக்கச் சொன்னேன். பத்தும் இரண்டு மில்லிகிராமுக்குள் நின்றன. என் கருவியை நான் பையில் வைத்துக்கொண்டேன். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதற்காக இருவருக்கும் நன்றி.

அதிலிருந்து மூன்றரை வருடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆறு மணிக்கு, அப்பா ஒரு மாத்திரையை உடைத்தார்; மீதி அரை மறுநாளைக்கு. கடையில் வேலை குவிந்திருந்தாலும் அன்று ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார். முதலாளி, "அரைமில்லிக்கு வீட்டுல டூட்டி" என்று கிண்டல் செய்வாராம். அந்த மூன்றரை வருடமும் எண் வரம்பைத் தாண்டவே இல்லை. பரிசோதனைக் கூடத்து அக்கா, "உங்க ரத்தம் பரீட்சை எழுதுற மாதிரி வருது" என்று அம்மாவிடம் சொன்னார்.

பிறகு அப்பாவின் நுரையீரலில் கட்டி வந்தது. மருத்துவர் மாதக் கணக்கில் பேசினார். வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது கேட்டார்: "உங்கம்மாவுக்கு அரை யாரு உடைப்பா?"

"நான் பார்த்துக்குறேன்ப்பா."

"அங்கேருந்து கைய நீட்டுவியா?"

மாதத்துக்கு ஒருமுறை வந்து மொத்தமாக உடைத்து வைக்கலாம் என்றேன். அவர் அதை முன்பே சோதித்திருந்தார். உடைத்த முகத்தில் ஈரம் ஏறி, பத்தாம் நாள் ஓரம் உதிர்ந்ததாம். "அப்பப்ப உடைக்கணும். அவளே உடைக்கணும்."

அம்மா முயன்றார். அவருக்கு வலது கட்டைவிரலில் மூட்டுவாதம். இடது விரல் முந்திக்கொண்டது. முதல் மாத்திரை குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவது அப்பாவின் கன்னத்தில் பட்டது. "போற வழிக்குக் குண்டு போட்டு அனுப்புறா பாரு" என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் விடுப்பு எடுத்தேன். செய்யவேண்டியது இதுதான்: அப்பாவின் இரண்டு கட்டைவிரல்களை ஒரு பெட்டிக்குள் வைப்பது.

"எப்படி அமுக்குறீங்க?"

"அமுக்குறதே இல்லையே."

"அப்ப என்ன பண்றீங்க?"

"தெரியல. நீ பார்த்துட்டே இருந்தா வர மாட்டேங்குது. அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பிக்கொண்டேன். கைபேசி அவரைப் படம் பிடித்தது. வேகத்தைக் குறைத்துப் பார்த்தபோது புரிந்தது. விரல்கள் ஒரே கணத்தில் படுகின்றன. பட்டதும் சதை பரந்து பாதி மாத்திரை முழுவதையும் மூடிக்கொள்கிறது. எந்த இடமும் தனியாக அழுத்தம் வாங்குவதில்லை. பொடியாகாததற்குக் காரணம் அதுதான்.

ஆகவே பிளேடு வேண்டாம். அடியில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. மேலே ஒரே மூடி, அதில் இரண்டு ரப்பர் மெத்தைகள். உள்ளங்கையால் மூடியை அழுத்தினால் இரண்டும் சேர்ந்துதான் இறங்கும். விரல் மூட்டுக்கு வேலை இல்லை. மூடிய பிறகே உடைவதால் எதுவும் பறக்காது.

ரப்பரின் கடினத்தைத் தேர்ந்தெடுக்கத் தொழிற்சாலையிலிருந்து அளவுமானியை எடுத்துவந்திருந்தேன். டயர், வாஷர் போன்றவற்றின் மேல் வைத்து அளப்பது. அதை அப்பாவின் கட்டைவிரலில் வைத்தேன். காய்த்துப்போன விரல். முப்பத்துநான்கு காட்டியது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அவர் கையை நான் அவ்வளவு நேரம் பிடித்திருந்தது சின்ன வயதுக்குப் பிறகு அன்றுதான். அளக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பிடித்திருந்தேன்.

முதல் மூன்று வடிவங்கள் உருப்படவில்லை. அம்மா ஒவ்வொன்றையும் 'எலிப்பொறி' என்றார். "இந்த எலிப்பொறி பரவாயில்ல, போன எலிப்பொறிக்கு வாய் சரியில்ல." நான்காவதை அப்பா படுக்கையில் சாய்ந்தபடியே கையில் வாங்கி, மூடியை இப்படியும் அப்படியும் அசைத்தார்.

"கீல் ஆடுது."

"எவ்வளவுப்பா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து, "வேற எவ்வளவு, அரை மில்லிதான்" என்றார்.

அளந்தேன். 0.5 தான்.

ஏழாவது வடிவத்துக்குப் பரீட்சை வைத்தோம். மருந்துக்கடைக்காரர் காலாவதியான அட்டைகளை எடுத்து வைத்திருந்து தந்தார். அந்த உபகாரத்தை இங்கே சொல்லவேண்டும். கேட்காமலே மூன்று அட்டை கூடக் கொடுத்தார். அம்மா தனியாக முப்பது மாத்திரை உடைத்தார். நான் எடை போட்டேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை எண்ணினார். இருபத்தொன்பது சரி. பத்தொன்பதாவதை மூக்குக்கண்ணாடி போடாமல் வைத்ததில் கோடு குறுக்கே திரும்பியிருந்தது. 71, 38.

"முப்பதுக்கு இருபத்தொன்பதுப்பா. நல்ல கணக்குதான் இது" என்றேன். எங்கள் தொழிலில் இதைவிட மோசமானதையெல்லாம் கைகுலுக்கி அனுப்பியிருக்கிறோம்.

அவர் கண்ணைத் திறந்தார். "அந்த ஒண்ணை எந்த நாளைக்குக் குடுப்ப?"

அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. மூச்சு வாங்க வாங்கக் கேட்கிறார், நானும் களைத்திருந்தேன். இன்று, அவர் எனக்குக் கொடுத்தவற்றில் எது பெரியது என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியைத்தான் சொல்வேன்.

எட்டாவது வடிவத்தில் மூடிக்குள், இரண்டு மெத்தைகளுக்கும் நடுவே, மெல்லிய ஒரு விளிம்பு சேர்த்தேன். மாத்திரையின் கோட்டுக்குள் அது இறங்கினால்தான் மூடி மூடும். மாத்திரை திரும்பியிருந்தால் மூடி தூக்கிக்கொண்டு நிற்கும். அழுத்தினாலும் அசையாது. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் ஒன்றுதான்.

முப்பதுக்கு முப்பது. அடுத்த முப்பதுக்கும் முப்பது. அம்மா வேண்டுமென்றே நான்கு தடவை கோணலாக வைத்துப் பார்த்தார். நான்கு தடவையும் மூடி மறுத்தது. "உங்களை மாதிரியே பிடிவாதம்" என்றார் அப்பாவைப் பார்த்து. அப்பா, "உன்னை மாதிரி" என்று திருத்தினார்.

அன்று மாலை ஆறு மணிக்கு அம்மா வழக்கம்போல மாத்திரையையும் கம்பியையும் தட்டில் வைத்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "இனிமே நான் எதுக்கு? பொறியை எடுத்துட்டு வா" என்றார். அம்மா கொஞ்ச நேரம் தட்டை நீட்டியபடியே நின்றார். பிறகு போய் எடுத்துவந்தார்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள், மதியம் மூன்று மணிக்கு அப்பா இறந்தார்.

வீடு நிறைந்துவிட்டது. முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் செருப்போடு செருப்பாக உட்கார்ந்திருந்தார். அம்மாவை அத்தையும் சித்தியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவில்லை. மாத்திரையை நானும் மறந்துவிட்டேன். அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அம்மா இருவரின் கையையும் விலக்கிக்கொண்டு எழுந்தார்.

"எங்க அண்ணி போறீங்க?" என்றார் அத்தை. "இப்ப எதுவும் வேணாம், உட்காருங்க."

"மணி ஆறு" என்றார் அம்மா.

நான் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணாடியும் போட்டிருக்கவில்லை, அழுததில் எங்கோ கழற்றி வைத்திருந்தார். பெட்டியைத் திறந்து மாத்திரையை வைத்தார். மூடி மூடவில்லை. விரலால் மாத்திரையைக் கொஞ்சம் திருப்பினார். மறுபடி உள்ளங்கையை வைத்தார். டிக்.

ஒரு முழுதும் ஒரு அரையும் விழுங்கித் தண்ணீர் குடித்தார். மீதி அரையை நாளைக்கென்று டப்பியில் போட்டு, மூடியை இறுக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "நீ காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடல. வா" என்று ஒரு குவளையில் பாலை ஊற்றினார்.