மாப்பிள்ளைக்கு யார் சொல்வது?

என் வீட்டுக்காரருக்குத் துணியும் தெரியும், கறையும் தெரியும். சொந்தக்காரர்களிடம் ‘முடியாது’ என்று சொல்ல மட்டும் வராது. இவரோடு குப்பை கொட்டிய இத்தனை வருஷத்தில் நான் அலுத்துப்போனேன்.

எங்களுடையது சலவைக் கடை. பக்கத்து ஓட்டலின் படுக்கை விரிப்புகள்தான் சோறு போட்டன. என் நாத்தனார் புருஷனுக்கு வேலை போனதும், “தங்கச்சி கஷ்டப்படக் கூடாது” என்று அவரைக் கடையில் இஸ்திரி போட நிறுத்தினார் இவர். அவர் இந்த வீட்டு மாப்பிள்ளையாயிற்றே! ஏவக் கூடாது, குறை சொல்லக் கூடாது. போனில் சிரித்துப் பேசிக்கொண்டே தேய்ப்பார். இஸ்திரிப் பெட்டி அது பாட்டுக்கு விரிப்பின் மேல் கிடக்கும். நான் வாயெடுத்தாலே இவர் முறைப்பார்.

போன வாரம் ஓட்டல் மேனேஜர் கருகிய விரிப்புகளோடு வந்துவிட்டார். தங்கமான மனிதர்.

“தேய்க்கிற ஆளை மாத்துங்க, ஆர்டர் உங்களுக்குத்தான். யார் பண்ணது இது?”

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

“நான்தான் சார்” என்றார் இவர்.

மேனேஜர் நம்பாமல் என் பக்கம் திரும்பினார். “அப்படியாம்மா?”

இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. நாத்தனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாங்க, இவர்தான்” என்றேன். பாழாய்ப்போன வாய்! வெளியாள் முன்னால் மாப்பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எனக்கும் மனசு வரவில்லை.

கடைக்காரரையே எப்படி மாற்றுவது? ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. மிஞ்சியது தெருக்காரர்களின் சட்டையும் பேண்ட்டும்தான். அதை வைத்து ஒரு குடும்பம் வேண்டுமானால் பிழைக்கலாம்.

இப்போதாவது மாப்பிள்ளையை வேறு வேலை பார்க்கச் சொல்லிவிடுவார் இவர் என்று காத்திருந்தேன். சாயங்காலம் மாப்பிள்ளையே பேச்சை எடுத்தார்.

“நான் வேணும்னா வேற எடம் பாக்கட்டுமா மச்சான்?”

“சேச்சே, என்ன பேச்சு இது! நீங்க இருங்க. பெரிய லாண்டரில தேய்க்க ஆள் கேட்டாங்க. நான் போய்க்கிறேன். கடைய நீங்க பாத்துக்குங்க.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கத்தத்தான் தெம்பில்லை. சொந்தக் கடையை விட்டு இன்னொருத்தனிடம் கூலிக்குப் போகிறார், அதுவும் சிரித்த முகமாக. சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.

“சரி மச்சான்” என்று வாங்கிக்கொண்டார் மாப்பிள்ளை. “புது எடம். தேய்க்கிறப்ப கொஞ்சம் கவனமா இருங்க.”