சோறு போடாத விருந்து

என் மகளை டாக்டர் படிப்புக்கு இரண்டு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஆராய்ச்சி செய்து முடித்து, பேருக்கு முன்னால் போட்டுக்கொள்கிற டாக்டர். அது எனக்கு விளங்கவே கொஞ்ச நாள் ஆனது. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான்.

"ஒரு போட்டோவைக் காட்டுனா, இது நல்ல இலை, இது நோய் விழுந்த இலைன்னு கம்ப்யூட்டர் தானாப் பாத்துச் சொல்லணும்மா. அதுக்குப் பாக்கக் கத்துக்குடுக்கிறதுதான் என் படிப்பு" என்று அவள் சொன்ன பிறகுதான் பிடிபட்டது. கம்பத்தில் எங்களுக்குத் திராட்சைத் தோட்டம். மழை பிடித்தால் போதும், வீட்டில் சாம்பல் நோயைப் பற்றித்தான் பேச்சு. அதையே கேட்டு வளர்ந்தவள் வேறு எதைப் படிப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இது இரண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில். கூப்பிட்ட இடங்களில் ஒன்று மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில். அங்கே இருந்த பேராசிரியரிடம் ஒரு கோடை லீவில் போய் வேலை பழகியிருந்தாள். தங்கமான மனுசர் என்பாள். இன்னொன்று கனடா. அங்கே இருக்கிற பேராசிரியரைப் போட்டோவில் பார்த்ததோடு சரி. ஆனால் அவள் செய்ய ஆசைப்பட்ட வேலையைத்தான் அவரும் செய்துகொண்டிருந்தாராம். இரண்டு பேரும் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரருக்குக் கேரளாதான் வேண்டும்.

"குமுளி ஏறி இறங்குனா வந்துருச்சு. ஒரு பெட்டிப் பழத்தைத் தூக்கிக்கிட்டு நெனச்சா போயிட்டு வரலாம். கனடாவுக்கு எந்த ஜீப்பு போகுது?" என்பார்.

மகள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பாள். பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுப் படிப்பு என்று கேட்ட சொந்தக்காரர்களோடெல்லாம் அவளுக்காகச் சண்டை போட்டவர் அவர். அவரிடம் எதிர்ப்பேச்சு பேச அவளுக்கு வாய் வராது. எனக்கோ யாரிடமுமே வாய் வராது. இரண்டு பேரும் அடுப்படியில் குசுகுசுவென்று பேசிக்கொள்வதோடு சரி.

அந்தச் சனிக்கிழமை கேரளத்துப் பேராசிரியர் போன் செய்தார். மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு மனைவியோடு வந்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை கம்பம் வழியாகத்தான் ஊர் திரும்புகிறார், வீட்டுக்கு வரலாமா என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"வரட்டும், வரட்டும். கை நனைக்க வச்சுத்தான் அனுப்பணும்" என்றார்.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் வீட்டில் காபி குடிப்பார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள். சோறு மட்டும் சாப்பிட மாட்டார்கள். இலை போட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டால் அதற்குப் பேர் கை நனைக்கிறது. இரண்டு பக்கமும் சம்மதம், இனி மறுபேச்சு இல்லை என்று அர்த்தம். இந்தப் பேராசிரியரையும் கை நனைக்க வைத்துவிட்டால் மகளைக் கேரளாவுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான் என்று இவர் கணக்குப் போட்டுவிட்டார். பெண் கேட்டு வருகிறவருக்கும் பாடம் சொல்லிக்கொடுக்க வருகிறவருக்கும் அவர் வித்தியாசமே பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக நாட்டுக்கோழி வந்துவிட்டது. மிளகாய் அரைத்துக் குழம்பு வைத்து, சோறும் வடித்துவிட்டேன். வாசம் தெரு முனை வரைக்கும் போனது. அப்போதுதான் மகள் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, சாருக்குச் சோறு போடாத."

"என்னடி சொல்ற? உச்சி வெயில்ல வாராக. சோறு போடாம அனுப்புனா ஊரு என்னையில்ல பேசும்?"

"போட்டா அப்பா பிடிச்சுக்கிருவாரும்மா. 'மனுசன் கை நனைச்சுட்டுப் போயிருக்காரு, இப்பப் போய் மாத்திப் பேசுறியே'ன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"அப்ப உனக்குக் கேரளா வேணாமா?"

"தெரியலம்மா. சார்கிட்ட ஒண்ணு கேக்கணும். அதைக் கேட்டாத்தான் தெரியும். கேக்குறதுக்கு முன்னாடியே முடிச்சுப் போட்டுராதீக."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. ஆனால் என் முந்தானையைப் பிடித்து இழுத்தபடி நின்றாள், சின்னப்பிள்ளை மாதிரி. வந்தவர்களைப் பட்டினி போடவும் கூடாது, சோறும் போடக் கூடாது. நான் கரண்டியும் கையுமாக யோசித்தேன். மறுநாள் இட்லிக்கென்று ஆட்டி வைத்த மாவு ஒரு குண்டான் நிறைய இருந்தது. பலகாரம் எவ்வளவு சாப்பிட்டாலும் கை நனைத்த கணக்கில் வராது. பணியாரக் கல்லை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

"வெங்காயத்தை அரி" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பன்னிரண்டரை போல கார் வந்தது. பேராசிரியர் நரைத்த மீசை, வெள்ளை வேட்டி. அவர் மனைவி வந்ததும் வராததுமாக, "நல்ல மணம்!" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றபடி தலையை மட்டும் ஆட்டினேன். பிறகு காரப் பணியாரம் ஒரு தட்டு, இனிப்புப் பணியாரம் ஒரு தட்டு, வாழைக்காய் பஜ்ஜி ஒரு தட்டு என்று மகள் கையில் கொடுத்து அனுப்பினேன். தட்டு காலியாகக் காலியாக அடுத்த ஈடு போனது. கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரர் அடுப்படிக்குள் வந்துவிட்டார்.

"ஏ புள்ள, சோறு வேகலையா?"

"வெந்துருச்சு."

"கொழம்பு?"

"அதுவும் ஆச்சு."

"பின்ன என்னத்துக்கு மத்தியான நேரத்துல பணியாரமா வந்துக்கிட்டு இருக்கு?"

"சூடா இருக்கு, கொண்டு போங்க" என்று அடுத்த தட்டை அவர் கையில் வைத்தேன். அவர் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த ஈடும் போன பிறகு பேராசிரியரின் மனைவி கை கழுவ உள்ளே வந்தார். வடித்த சோற்றுப்பானையைப் பார்த்தார். குழம்புச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"எங்களுக்கு இது இல்லையா?" என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே ஆசையாகக் கேட்டார்.

எனக்கு வியர்த்துவிட்டது. பொய் சொல்லவும் தெரியவில்லை. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கை நனைக்கிறதைச் சொன்னேன், இவர் போட்ட கணக்கைச் சொன்னேன், மகள் ஏதோ கேட்க வேண்டும் என்றதையும் சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய் மலையாளத்தில் படபடவென்று சொன்னார். எல்லைப்பக்கத்து ஊர் என்பதால் எங்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. என் வீட்டுக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

பேராசிரியர் சிரிக்கவில்லை. கையிலிருந்த பணியாரத்தைத் தட்டில் வைத்தார்.

"என்ன கேக்கணும், மோளே?"

மகள் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "சார், உங்ககிட்ட ஆரம்பிச்சா உங்ககிட்டயே முடிப்பேனா?"

"அதைச் சொல்லத்தான் நான் வந்தேன். போன்ல சொல்ல மனசு வரலை" என்றார் அவர். அவருடைய தமிழ் மெதுவாக வந்தது. "மூணு வருஷத்துல எனிக்கு ரிட்டயர்மென்ட். உன்னோட வேலை அதுக்குள்ள முடியாது. பாதியில வேற ஆள் கையில விடணும். அது யாருன்னு எனிக்கே அறியாது. ஆனா நல்ல மாணவி, விடவும் ஆசை இல்லை."

பிறகு அவரே கேட்டார். "கனடாக்காரர்கிட்ட படிச்ச பிள்ளைங்களுக்கு எழுதிக் கேட்டியா?"

"கேட்டேன் சார். ஒரு அக்கா பதில் போட்டாக. நல்லாத் திட்டுவாராம். ஆனா கூடவே உக்காந்து பாப்பாராம்."

"அது போதும்."

மகள் அப்பா பக்கம் திரும்பினாள். அவளுக்குக் காது மடல் சிவந்திருந்தது. "அப்பா, நான் கனடாவுக்கே எழுதுறேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வீட்டுக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். மடித்துத் தோளில் போட்டார். மறுபடி எடுத்துத் துடைத்தார்.

"அங்கன ரொம்பக் குளிருமாமே சார்?" என்று கேட்டார்.

"குளிரும். எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டுட்டு உயிரோடதான் இருக்காங்க."

"இவளுக்கு மார்கழி மாசம் இங்கன இருக்கிற குளிரே ஆகாது" என்றார். பிறகு மகளைப் பார்த்து, "சரி, எழுதுத்தா. பெறகு என்ன செய்ய?" என்றார்.

பேராசிரியர் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். போகப் போகிறார் என்றுதான் நினைத்தோம். அவர் நேராக அடுப்படி வாசலுக்கு வந்து என்னிடம் கேட்டார். "சம்பந்தம் இல்லைன்னு ஆயிடுச்சு. இனி எனிக்குச் சோறு போடலாமில்லே?"

அந்நிய ஆம்பளை முன்னால் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரரும் சிரித்துவிட்டார். "ஏ புள்ள, இலையைப் போடு!" என்று கத்தினார். அவரே குழம்புச் சட்டியைத் தூக்கி வந்து பேராசிரியருக்கு ஊற்றினார். அத்தனை பணியாரத்துக்கு மேலும் அந்த மனுசர் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடாமல் கிளம்பியிருந்தால் வழிநெடுக இந்த வாசத்தை நினைத்து இவரைத் திட்டிக்கொண்டே போயிருப்பேன் என்றார் அவர் மனைவி. சாப்பிட்டுக்கொண்டே மகளிடம், அங்கே போய் முதல் வருஷம் எந்தெந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் பேராசிரியர். அவள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள், சாப்பிடவே இல்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரே மகளை பிரவுசிங் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெயில் ஏறும் முன் திரும்பி வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எழுதியாச்சா?" என்று கேட்டேன்.

"எழுதுனா. எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டுனா. பெறகு ஒரு தட்டுத் தட்டுனா, போயிருச்சு. ஒரு ஆளை பஸ் ஏத்திவிடுற நேரங்கூட ஆகலை, புள்ள."

கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பணியாரம் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்.