பொட்டு வைத்த குக்கர்

பிறை என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலை வாசலில் பதினோரு வருடமாகக் காவல் நிற்கும் மோகனராஜ் யாரையும் லேசில் நம்புகிறவர் இல்லை. வேலை முடிந்து போகிறவர்களின் பையில் கம்பெனிச் சாமான் அகப்பட்டால், “தெரியாம வந்துருச்சுண்ணே” என்று எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். அவரும் நோட்டில் ஒரே மாதிரிதான் எழுதுவார்: ‘தெரியாமல் எடுத்ததாகச் சொல்கிறார்.’ அந்தச் ‘சொல்கிறார்’ போதும், ஒருவனுக்கு வேலை போக.

அப்பேர்ப்பட்டவர், புரட்டாசி பிறக்க இரண்டு நாள் இருக்கையில், ஜார்ஜ்டவுனில் தன் வீட்டுச் சமையலறையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

விரத மாதத்துக்குத் தனி ரைஸ் குக்கர் வேண்டுமென்று மனைவி ஜெயலெட்சுமி கேட்டிருந்தாள். கவிச்சி புழங்கும் பழைய குக்கரைப் போலவே, அதே நிறத்தில் ஒன்று வாங்கி வந்தார். புதுப் பாத்திரமாயிற்றே, மஞ்சள் குங்குமம் வைத்துத்தான் அவள் ஸ்விட்சைப் போட்டாள். சூடு ஏறவே இல்லை. “மாத்திட்டு வாங்க” என்றாள்.

காலை அவசரத்தில், பொட்டு வைத்தது வீட்டுப் பொருள் என்று அதை ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் பளபளவென்று இருந்ததைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து, வேறு புதியது வாங்கி வந்துவிட்டார் மனிதர். கொடுத்தது ஆறு வருடப் பழசு. ஜெயலெட்சுமி தேய்க்கிற தேய்ப்பில் கடையிலும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“பழசக் குடுத்துப் புதுசு வாங்கினா அது சீட்டிங்லா, ஜெயா. கடையில கேமரா இருக்கு. போலீஸ் ரிப்போர்ட் போட்டா என் வேலை போச்சு.”

“தெரியாமத்தானே செஞ்சீங்க?”

“எல்லாரும் அதத்தான் சொல்வாங்க.”

சொன்ன பிறகுதான், வாசலில் தான் பேசுகிற பேச்சு அது என்று அவருக்கு உறைத்தது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பொட்டு வைத்த குக்கரோடு இருவரும் கடைக்குப் போனார்கள். முதலாளி அப்துல் ரசாக் கல்லாவில் இருந்தார். மோகனராஜ் வாயைத் திறப்பதற்குள் ஜெயலெட்சுமி முந்திக்கொண்டாள்.

“அண்ணே, நேத்து பழைய குக்கர மாத்திக் குடுத்துட்டோம். பெட்டியில வச்சது நான்தான். இவருக்கு ஒண்ணும் தெரியாது. ரிப்போர்ட் போட்டா எம்பேர்ல போடுங்க.”

“இல்லண்ணே, வச்சது நான்தான்” என்றார் மோகனராஜ்.

ரசாக் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து, குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதுவா பழசு? நல்லா தேச்சிருக்கீங்க போங்க! தெரியாம மாறிப்போச்சு, அவ்வளவுதானே? இதுக்கு எதுக்குலா ரிப்போர்ட்டு? எடுத்துட்டுப் போங்கக்கா.”

‘அவ்வளவுதானே.’ பதினோரு வருடத்தில் மோகனராஜ் ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்போது அவர் சொன்னார்.

“விரதம் இருக்கப்போறவ எனக்காகப் பொய் சொல்லிட்டியே, ஜெயா.”

பழைய குக்கரை மடியில் அணைத்தபடி, அவள் பின்னாலிருந்து சொன்னாள்: “புரட்டாசி நாளைக்குத்தானே பொறக்குது.”