மீன் வாங்காத வீடு

எங்கள் குடியேற்றத்தில் மீன் வாங்காத வீடு எங்களுடையது ஒன்றுதான். மீன்காரி வரும்போதெல்லாம் நின்று கால் ஆறிப் போன வீடும் அதுதான். இந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஐம்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இந்தக் காட்டுக்கு வந்தோம். காணியும் குளத்துத் தண்ணீரும் தருகிறார்கள் என்ற பேச்சை நம்பித்தான். காடு எரித்த புகை கண்ணை விட்டுப் போகவில்லை. வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் முற்றம் வரை வந்து நின்றன. கணவர் விடிய வயலுக்குப் போனால் பொழுதுபட வருவார். வந்தாலும் பேசமாட்டார். அவருடைய ஒரு நாள் பேச்சை உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம். எனக்கோ கதை வேண்டும். சோறில்லாமல் இருந்துவிடுவேன், கதையில்லாமல் எப்படி? குரங்கோடு பேசினேன். கொட்டிலைத் தாங்கிய மரத்தோடு பேசினேன்.

அப்போது அவள் வந்தாள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து பஸ்ஸில் பனையோலைக் கருவாட்டுக் கடகத்தோடு வந்து இறங்கி, வீடு வீடாக நடப்பவள். என் வயதுதான். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை.

"நாங்கள் சைவம்," என்றேன், வேலிப் படலையை மறித்துக்கொண்டு.

"அதுதான் நெத்தியில பூசிக் கிடக்கே பிள்ளை. கருவாடு வேண்டாமெண்டால் விடும். தண்ணி தருவீரோ?"

கடகத்தை வேலிக்கு வெளியே, காற்று எங்கள் பக்கம் வராத இடமாகப் பார்த்து வைத்தாள். அந்த ஒரு காரியத்திலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பிறகு எந்தப் பக்கம் விற்கப் போனாலும் எங்கள் படலையில்தான் வந்து முடிப்பாள்.

"ஊரெல்லாம் விக்கிறன், இஞ்சை மட்டும்தான் கதைக்கிறன்," என்பாள். "உம்மோட யாவாரம் இல்லை. அதால பொய் சொல்லத் தேவையுமில்லை."

ஆனால் ஒரு பொய் சொன்னாள். எனக்காக.

ஒரு மாரியில் காய்ச்சல் வந்தது. குடியேற்றத்தில் பாதி வீடுகள் படுத்துக் கிடந்தன. கணவர் யாழ்ப்பாணம் போயிருந்தார். படலையில் நின்று கூப்பிட்டும் என் குரல் வராததால் அவள் உள்ளே வந்து பார்த்திருக்கிறாள். கருவாட்டுக் கடகத்தை எங்கே போட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரு மாட்டுவண்டி பிடித்து, என்னை மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

வாசலில் நின்ற பணியாள் மறித்தான். "சொந்தக்காரர் மட்டும்தான் கூட நிக்கலாம்."

"நான் மச்சாள். இவாவின்ர மனுசன் என்ர அண்ணர்."

அவன் என் நெற்றியைப் பார்த்தான், அவள் கழுத்தைப் பார்த்தான். "அண்ணனுக்குத் திருநீறு, தங்கச்சிக்குச் சிலுவையோ?"

"அண்ணர் சின்னனிலையே குழப்படி. ஞானஸ்நானத் தண்ணியைக் கண்டிட்டுக் கோயிலால ஓடினவர்."

குளிரில் பல் கிடுகிடுக்கச் சிரித்தேன். அவனும் சிரித்து வழிவிட்டான். காய்ச்சல் இறங்கும்வரை அவள் அந்தக் கட்டிலடியை விட்டு அசையவில்லை. கணவர் ஓடிவந்தபோது, "வாங்கோ அண்ணை," என்று கண்ணைச் சிமிட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓம் தங்கச்சி," என்றார். அவ்வளவுதான் அவர்.

சில வருடங்கள் போயின. அந்தப் பொய் எங்களுக்குள் ஒரு பகிடியாக வளர்ந்துகொண்டிருந்தது. பிறகு புயல் வந்தது. வேறொரு மீன்காரிதான் சேதி கொண்டுவந்தாள். என் மச்சாளின் மனுசனைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடலை எடுத்து அடக்கமும் முடிந்தது. அன்றிலிருந்து அவள் வாய் திறக்கவில்லை, சோறு தொடவில்லை. "இப்பிடியே விட்டால் அவளும் போயிடுவாள்," என்றாள் வந்தவள்.

கணவர் அரிசி மூட்டையைத் தோளில் வைத்தார். "வெளிக்கிடும்."

பஸ் இல்லை. வீதிக்குக் குறுக்கே மரங்கள். கொஞ்சம் வண்டி, மிச்சம் நடை. கரையில் வீடுகள் இருந்த இடத்தில் மணல் இருந்தது. கிடுகுக் கொட்டில் ஒன்றின் வாசலில் அவளுடைய மனுசனின் அக்கா நின்றாள். வேடிக்கை பார்க்க வந்த சனத்தை விரட்டி விரட்டி அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"நீங்கள் ஆர்?"

"மச்சாள்," என்றேன்.

"ஆரின்ர மச்சாள்? அவள் தாய்க்கு ஒரே பிள்ளை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. செத்தவீட்டில வந்து விளையாடுறியளோ?"

ஆஸ்பத்திரியில் செல்லுபடியான பொய் அவளுடைய சொந்த ஊரில் செல்லவில்லை. திரும்பத்தான் வேண்டுமோ என்று கணவரைப் பார்த்தேன். அவர் மூட்டையை இறக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. துருப்பிடித்த குரல்.

"அண்ணர் வந்தவரோ?"

வாசலில் நின்றவளின் கை நெஞ்சுக்குப் போனது. "கதைச்சிட்டாள்... கதைச்சிட்டாள் அம்மா!"

மூலையில் இருந்த மாமியார், செத்தவரின் தாய், எழும்பினார். "பிறகென்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அவளின்ர தமையன் வந்து நிக்கிறார். கதிரையை எடுத்துப் போடு."

இருந்ததே ஒரு கதிரை. ஒரு கால் முறிந்தது. கணவர் அதில் பக்குவமாக, ஒரு தமையனுக்குரிய நிமிர்வோடு இருந்தார். நாள் முழுக்கச் சொல்லக்கூடியதை ஒரே மூச்சில் சொன்னார்: "தங்கச்சி, இது எங்கட வயல் அரிசி. மச்சாள் காய்ச்சித் தருவா. நீர் சாப்பிட்டாத்தான் நான் எழும்புவன். கொட்டில் போட நாளைக்குத் தடி வெட்டவேணும்."

கல் மூன்று வைத்து, ஈர விறகோடு மல்லுக்கட்டிக் கஞ்சி காய்ச்சினேன். அவளுடைய தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு வண்டியில் என் தலை கிடந்த மாதிரி. முதல் வாயை விழுங்கினாள். இரண்டாவதையும் விழுங்கினாள். பிறகு கண்ணைத் திறந்து, மெல்லத்தான் சொன்னாள், ஊருக்கே கேட்டதுபோல எனக்குப் பட்டது:

"உப்புக் காணாது, மச்சாள்."