கார்த்திகைக்கு ஒரு லென்ஸ்

உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கரில் குண்டு மிளகாய் போடுகிறவள் மகேஸ்வரி. களத்தில் காயும் மிளகாய்க்குக் காவல் இருந்த வருடங்களில் வானத்தைப் பார்க்கப் பழகினாள். பிறகு பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கினாள். வானம் நகர நகரக் கேமராவைக் கூடவே திருப்பும் சின்ன மோட்டாரும் வந்து சேர்ந்தது. ஆனாலும் அவளுக்குப் பிடித்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் படத்தில் பஞ்சுத் துணுக்கு மாதிரிதான் விழுந்தது.

பெரியபட்டினத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தவ்ஃபீக்கிடம், அந்தக் காலப் பெரிய கேமராக்களின் லென்ஸ்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் பஸ் ஏறினாள். அவர் இரண்டை மேசையில் எடுத்து வைத்தார். ஒன்று ஆள் படம் எடுத்த லென்ஸ். பித்தளைக் குழல், உள்ளங்கை அகலக் கண்ணாடி. மற்றது அச்சகத்தில் கலர் படங்களைப் பிரதி எடுத்தது. கறுப்பு, குட்டை, கண்ணாடி நெல்லிக்காய் அகலம்தான்.

"பித்தளைய எடுத்துக்கம்மா. வெளிச்சத்த நல்லா உள்ள வாங்கும். கறுப்பு சோம்பேறி, அஞ்சு மடங்கு நேரம் கேக்கும்" என்றார் தவ்ஃபீக்.

மகேஸ்வரிக்கும் பித்தளை மேல்தான் கண். இருந்தாலும், "ரெண்டையும் ஒரு வாரம் குடுங்க பாய். வானத்துல வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

அவள் கணவன் ராக்கப்பன் பிவிசி குழாயை அறுத்து லென்ஸ்களைக் கேமராவோடு பொருத்திக் கொடுத்தான். தை மாதம். இருட்டியதும் கார்த்திகை உச்சியில் நின்றது. பித்தளை லென்ஸில் முதல் படமே பளிச்சென்று வந்தது. பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி ஊதா வளையம். ஓரத்தில் இருந்தவை சிறகு முளைத்துக் கிடந்தன. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் கறுப்பு லென்ஸ். படம் கிட்டத்தட்ட இருட்டாக இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்றான் ராக்கப்பன்.

"இருங்க. எல்லா நெறத்தையும் ஒரே புள்ளியில சேக்குறதுக்குன்னு செஞ்ச லென்ஸ் இது. நாமதான் பொறுமையா நிக்கணும்."

நேரத்தைக் கூட்டினால் நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டன. ஸ்டாண்டின் கால் மணலில் இறங்குகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. காலுக்கடியில் செங்கல் வைத்த பிறகு கோடு விழுவது நின்றது. தொண்ணூறு படங்கள் எடுத்து லேப்டாப்பில் ஒன்றாகச் சேர்த்தாள்.

ராக்கப்பனுக்குக் கார்த்திகை என்றால் ஆறு மீன்தான். திரையில் விரல் வைத்து எண்ணத் தொடங்கினான். "நாப்பத்திரெண்டு... இன்னும் இருக்கு மகேசு!" ஊசி குத்தியதுபோல ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது.

அந்த வாரமே பித்தளை லென்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். பிரிண்ட் போட்ட படத்தையும் கொண்டுபோனாள். தவ்ஃபீக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"சோம்பேறின்னு சொல்லிட்டேனே" என்று சிரித்தார். "கறுப்ப நீயே வச்சுக்க. என் கடைச் சுவத்துக்குப் பெருசா ஒண்ணு போட்டுக் குடு."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் ராக்கப்பனுக்குப் போன் போட்டாள். "சித்திரையில தெக்க, லட்சக்கணக்கான நட்சத்திரம் பந்து மாதிரி திரண்டு நிக்கிறது தெரியும். ஏர்வாடிக் கடக்கரையில நின்னா மறைக்க ஒண்ணும் இருக்காது. வாரீகளா?"

"மிளகாப் பழம் எடுத்து முடியட்டும், வாரேன்" என்றான் அவன்.