தீப்பெட்டிக்கு ஒன்று

இன்று நோணாங்குப்பம் பஸ்ஸில் மீனவப் பெரியவர் ஒருவர் என்னையே உற்றுப் பார்த்தார். திருநங்கைக்கு இது பழக்கம்தான். ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"எய்ட்ஸ் வரக்கூடாதுன்னு மீன் ஏலத்துல நிரோத்து குடுத்தது நீதானே?" என்றார் உரக்க.

எண்பதுகளின் கடைசி அது. ஆணுறை கொடுக்கப் போனால் அடி விழுமோ என்ற பயத்தில் நாங்கள் கூட்டமாகத்தான் போவோம்.

"கடல்ல தீப்பெட்டி நனையாம இருக்க அதுலதான் போட்டு வச்சோம்!" என்றார் பெரியவர்.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இதற்கா அத்தனை பாடு?

பக்கத்திலிருந்த அவர் மனைவி நகர்ந்து இடம் கொடுத்தார். "உக்காரு தங்கச்சி. தீப்பெட்டிக்கு ஒண்ணுதான் குடுத்தேன். மிச்சத்த அரிசிப் பானையில வச்சிருந்தேன். அது இல்லாம இந்தாள கிட்டயே சேக்கல."

பஸ்ஸே சிரித்தது.

அன்று எங்களிடம் வாங்கியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? தீப்பெட்டிக்குத்தான் என்று சொல்லுங்கள், நம்புகிறேன்.